காப்பு அடைவுக்குப் போக முன்னம்

வட்டக்கச்சியில் அக்கா வீட்டு விறாந்தை மேசையில் அன்றைக்கு இரண்டு பொருட்கள் கிடந்தன. ஒன்று, கடல் கடந்த தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கையேடு. வழவழத்த அட்டையில் வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளையொன்று கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறது. மற்றது, அக்காவின் காப்புச் சோடி. பழைய பிஸ்கற் ரின்னுக்குள் பஞ்சு சுற்றி இருந்தது.

"ரெண்டு வருசம் மாமா. எம்எஸ்சி பயோடெக்னோலஜி. முதல் தவணைக் காசு கட்டினால் இடம் உறுதி எண்டு ஏஜென்சியில சொல்லீனம்" என்றாள் மருமகள். அத்தான் ஒன்றும் பேசவில்லை. வயலால் வந்த காலோடு படியில் இருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்காதான் என்னைப் பார்த்தாள். "நீ எழுதுறவன். நாலு பேரைத் தெரியும். அனுப்பலாமோ விடலாமோ, விசாரிச்சு ஒரு முடிவைச் சொல்லு. காப்பு கிடக்குது, அடைவு வைக்கலாம். வைச்சால் மீட்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி."

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விரிவுரையாளர்களிடமும் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் படித்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களிடமும் கேட்டுத் திரிந்தேன். விசாரிக்க விசாரிக்க, இது அக்கா வீட்டுக் கதை மட்டுமில்லை என்று தெரிந்தது. பரந்தனிலும் விசுவமடுவிலும் செட்டிகுளத்திலும் எத்தனையோ விறாந்தைகளில் இதே மாதிரிக் கையேடு கிடக்கிறது.

இந்தப் பிள்ளைகள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009 மே மாதத்தில் என் மருமகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு வந்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திரும்பப் பழகியது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள். ஊர் திரும்பி, ஓடு இல்லாத பள்ளிக்கூடத்தில் இருந்து, பிறகு உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, இசட் புள்ளி வரும்வரை நித்திரை கொள்ளாமல் கிடந்து, கம்பஸ் போனவள். நாட்டின் பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் திறமைக்கு, 55 மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மீதி 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. "கோட்டாவில போன பிள்ளை" என்று யாரோ சொன்ன ஒரு சொல் இன்றைக்கும் அவள் மனதில் கிடக்கிறது. முதுமாணி என்ற ஆசைக்குள் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லும் வேகமும் இருக்கிறது. அதை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

காசு எங்கிருந்து வரும்? அத்தானிடம் இருப்பது இரணைமடுக் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் பேமிற் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்டது. நினைத்த மாதிரி விற்கவோ, தனியாருக்கு ஈடு வைக்கவோ ஏலாது. குடியேற்றக் கிராமத்துக் குடும்பங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. அவசரத்துக்குக் காசாகாத சொத்தும் அதுதான். தனியார் நிறுவனங்களில் படிப்பவர்களுக்கென்று 2017இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லாக் கடன் இளமாணிப் பட்டத்துக்கே உரியது, முதுமாணிக்குக் கைகொடுக்காது. ஆகவே எஞ்சுவது நகை, சீட்டு, இல்லையென்றால் கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் சித்தப்பா. வன்னியில் தனியார் முதுமாணி என்றால், பெரும்பாலும் ஒரு தாயின் கழுத்திலோ கையிலோ இருந்து கழன்று போவது என்றுதான் பொருள்.

இனிப் படிப்புக்கு வருவோம்.

உயிரியல் தொழில்நுட்பம் என்ற பெயருக்கு ஒரு மயக்கம் உண்டு. 1996இல் டொலி என்ற செம்மறிக் குட்டி பிறந்தது, 2003இல் மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்ததாக அறிவித்தார்கள். அந்த அலையில் தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் 2000களின் தொடக்கத்தில் பயோடெக் துறைகள் முளைத்தன. அண்ணா பல்கலைக்கழகத்தில் குந்தலா ஜெயராமன் 1987இல் கட்டியெழுப்பிய உயிர்த்தொழில்நுட்ப மையமும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துறையும் பல்லாண்டு உழைப்பால் எழுந்தவை. பின்னால் முளைத்தவற்றில் எல்லாம் அந்த உழைப்பு இருக்கவில்லை. பட்டம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் மென்பொருள் கம்பனிகளில் போய் இருந்தார்கள். அவர்கள் தோற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரபணுவுக்கென்று கட்டிய காசு கணினிக்கு முன்னால் இருக்கத் தேவையாக இருந்திருக்காது.

இந்தத் துறையின் இயல்பு அப்படி. கணக்கியலோ முகாமைத்துவமோ படித்தவருக்கு ஒரு சின்னக் கடைகூட வேலை கொடுக்கும். பயோடெக் படித்தவருக்கு வேலை வேண்டுமென்றால் குளிர்ப்பெட்டியும் நுண்நோக்கியும் விலை கூடிய இரசாயனங்களும் கொண்ட கட்டடம் ஒன்று முதலில் இருக்க வேண்டும். இலங்கையில் அப்படியான கட்டடங்கள் எண்ணக்கூடியவை. கொழும்பில் மருத்துவப் பரிசோதனை நிறுவனங்கள், ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவகமான ஸ்லின்டெக், அரச ஆராய்ச்சி நிலையங்கள், பல்கலைக்கழகத் துறைகள். அரச வேலையென்றால், பட்டதாரி ஆட்சேர்ப்பு இளமாணிப் பட்டத்தையே பார்க்கிறது. 2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா படியோடு பயிலுநராக எடுத்தபோது, நுண்ணுயிரியல் படித்த பிள்ளையும் வரலாறு படித்த பிள்ளையும் ஒரே பிரதேச செயலகத்தில் ஒரே கோப்பைப் புரட்டினார்கள். எம்எஸ்சி இருந்திருந்தாலும் கதிரை மாறியிருக்காது.

அப்படியென்றால் போக வேண்டாமா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை. காரணம் மருமகள் காட்டிய ஒரு விஷயம்.

மேசையில் கிடந்த குமிழ்முனைப் பேனாவை எடுத்து, அதைப் பிப்பெற் மாதிரிப் பிடித்தாள். "இஞ்ச பாருங்கோ மாமா, பெருவிரலுக்கு ரெண்டு தடை இருக்கு. முதல் தடை மட்டும் அமத்தி, திரவத்துக்குள்ள நுனியை வைச்சு, மெல்ல விடோணும். கெதியா விட்டால் காத்துக் குமிழ் ஏறிடும். வெளிய விடேக்க ரெண்டாம் தடை மட்டும் அமத்தோணும்." மைக்ரோலீற்றர் என்றால் ஒரு துளியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் கை நடுங்கினால் முழுச் சோதனையும் பிழைத்துவிடும். "நாலு வருசத்தில எத்தினை தரம் பிடிச்சனி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிசிஆர் செய்முறைக்கு எட்டுப் பேருக்கு ஒரு குழு. ஒருவர் பிடிப்பார், ஏழு பேர் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். அவள் கையில் அது வந்தது இரண்டு தரம்.

பிசிஆர் என்ற முறை கேட்கச் சுலபம். மரபணு இழையை 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிப் பிரிப்பது, 50இலிருந்து 60 பாகைக்கு ஆற்றி முதன்மித் துண்டுகளை ஒட்டவைப்பது, 72 பாகையில் நொதியம் அதைப் படியெடுப்பது. ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். புத்தகத்தில் இதை ஒரு மாலைக்குள் பாடமாக்கலாம். கைக்கு வர மாதக்கணக்கு வேண்டும். ஏன் பிழைத்தது என்று தானே கண்டுபிடிக்க இன்னும் சில மாதம் வேண்டும். 2020 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கொரோனாப் பரிசோதனை தொடங்கியபோது நாட்டுக்குத் தேவைப்பட்டது அந்தக் கை. சான்றிதழில் எழுதியிருப்பதை அந்த நேரம் யாரும் தேடவில்லை, இயந்திரத்துக்கு முன்னால் நின்று செய்யக்கூடியவர்களைத் தேடினார்கள்.

என் மருமகளுக்கு இல்லாதது மூன்று எழுத்துப் பட்டமில்லை, அந்த மணித்தியாலங்கள்தான். முதுமாணிப் படிப்பு அதைக் கொடுக்கும் என்றால் காப்பு அடைவுக்குப் போகலாம். கொடுக்காது என்றால், எவ்வளவு பெரிய வளாகமாக இருந்தாலும் போகக் கூடாது. விசாரித்த அத்தனை பேரிடமும் கேட்டபிறகு எனக்குத் தேறியது இதுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையேட்டில் கட்டடத்தின் படம் இருக்கும், நீச்சல் தடாகத்தின் படம் இருக்கும். தேட வேண்டியது ஆய்வேட்டுப் பருவம். கடைசி ஆறு மாதமோ ஒரு வருடமோ மாணவர் எங்கே இருந்து, யாருக்குக் கீழே, எந்தக் கேள்வியை ஆராய்வார்? சொந்த ஆய்வுகூடத்திலா, அல்லது வெளியே காசு கட்டி வேறு இடத்திலா? தமிழ்நாட்டுப் பக்கம் "புரொஜெக்ட் சென்ரர்" என்று ஒரு தொழிலே நடக்கிறது. மாணவர் காசு கொடுத்தால் வேலையைச் செய்து, அறிக்கையையும் கட்டிக் கொடுப்பார்கள். அப்படி வாங்கிய ஆய்வேட்டோடு வருகிறவர் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார். மேற்பார்வை செய்யும் ஆசிரியர் கடைசியாக எழுதிய கட்டுரைகளை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். இரசாயனச் செலவு கட்டணத்துக்குள் அடக்கமா, தனியா? மூன்று வருடம் முந்திப் படித்து வெளியேறிய இரண்டு பேரோடு பேச இணைப்புத் தருவார்களா? நல்ல இடம் தயங்காமல் தரும்.

அடுத்தது அங்கீகாரம். இதில் எங்கள் ஆட்கள் ஏமாந்துபோவது அதிகம். ஏஜென்சிக்காரர் "யூஜிசி அங்கீகாரம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எந்த நாட்டு யூஜிசி? இந்தியாவிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கையேட்டிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். காசு கட்ட முன்னம் ஆணைக்குழுவுக்கே எழுதிக் கேட்கலாம். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். நிறுவனத்துக்கு அனுமதி இருப்பது வேறு, குறிப்பிட்ட அந்தப் பட்டத்துக்கு அனுமதி இருப்பது வேறு. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியின் கதையை நாடே பார்த்தது. பட்டம் பெற்ற பிள்ளைகள் மருத்துவர்களாகப் பதிவதற்கு உயர் நீதிமன்றம்வரை போய் நின்றார்கள், நிறுவனம் 2018இல் மூடுவிழாக் கண்டது. பாதியில் நின்ற பெற்றோரின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுமாணிக்கு இரண்டு படிகள் இருக்கின்றன என்பதையும் பலர் அறிவதில்லை. ஒன்பதாம் படி, பாடநெறியால் மட்டும் வருவது, 30 திறமைப்புள்ளிகள். பத்தாம் படி, ஆய்வோடு சேர்ந்தது, 60 திறமைப்புள்ளிகள், அதில் ஆய்வுக்கு மட்டும் 15க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளராக நிலைபெற நினைக்கும் பிள்ளைக்கு ஆய்வோடு கூடிய இரண்டு கல்வியாண்டுப் பட்டம் வேண்டும். ஒரு வருடத்தில் முடியும் பாடநெறிப் பட்டம் அந்தக் கதவைத் திறக்காது. இங்கிலாந்தில் ஒரு வருட எம்எஸ்சி என்று புறப்படுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். 2024 ஜனவரிக்குப் பிறகு அங்கே பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போகவும் முடியாது.

கட்டணம் டொலரிலா, இந்திய ரூபாவிலா, இலங்கை ரூபாவிலா என்பதும் சின்ன விஷயமில்லை. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கட்டணம் ஒரே இரவில் ஏறக்குறைய இரட்டித்தது போலாயிற்று. முதலாம் வருடத்துக்கு அடைவு வைத்த நகையை மீட்க முன்னமே இரண்டாம் வருடத்துக்கு வேறு நகை தேட வேண்டி வந்தது.

இவ்வளவும் எழுதும்போது அரச வழிகளை மட்டும் உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. அரச பல்கலைக்கழகத்தில் காலம் ஓடுகிறது. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதத்துக்கும் மேல் நீண்டது. அதற்கு முன் கொரோனா, அதற்கு முன் வேறொன்று. நாலு வருடப் பட்டத்துக்கு ஐந்தரை ஆறு வருடம் கொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகம் சொன்ன திகதியில் தொடங்கும், சொன்ன திகதியில் முடியும். ஆங்கிலத்தில் பேசிப் பழக வைக்கும். நல்ல தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இருக்கும் இயந்திரங்கள் எங்கள் அரச நிறுவனங்கள் பலவற்றில் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே வேலையில் இருந்து, பதவி உயர்வுக்காக வார இறுதியில் படிக்க நினைப்பவருக்குத் தனியார் வழியே பொருத்தமாக இருக்கலாம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இழக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் வீட்டில் கலியாணப் பேச்சு என்ற இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எழுதாமல் விடுவது பொய்யாகும்.

ஆனால் தனியார் கையேடு வீட்டுக்கு வந்து சேர்கிறது, அரச வழிகளின் விவரம் வந்து சேர்வதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் உயிர்இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கென்றே 2004இல் நிறுவிய நிறுவகம் இருக்கிறது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது, விவசாயத்துக்கு வேறாக ஒன்று 1975இலிருந்து இயங்குகிறது. இவற்றிலும் கட்டணம் உண்டு. ஆனாலும் மூன்று ஏக்கர் வயல்காரர் நினைத்துப் பார்க்கக்கூடிய அளவு. இதைவிட நல்ல வழி, தேசிய விஞ்ஞான மன்றமோ தேசிய ஆராய்ச்சிச் சபையோ காசு கொடுக்கும் ஆய்வுத் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்வது. மாதப்படி கிடைக்கும், அந்த வேலையையே எம்பில் பட்டத்துக்குப் பதியலாம். காசு கட்டிப் பிப்பெற் பிடிப்பதற்குப் பதிலாக, காசு வாங்கிக்கொண்டு பிடிப்பது. இந்தியாதான் போக வேண்டுமென்றால், இலங்கையருக்கு முதுமாணிக்கென்றே மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக இருக்கிறது. விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்கள் இதை மட்டுமாவது தங்கள் பழைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

படித்துவிட்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு, வன்னியில் நின்று பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது. ஆய்வுக்கு வேண்டிய கேள்விகள் எங்கள் காலடியிலேயே இருக்கின்றன.

முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 29இல் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த வருடம் ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு குந்தியிருக்கும் தாய்மாருக்கு, அந்த எலும்பு யாருடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வழி மரபணுவியல். இழைமணி டிஎன்ஏ தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குவது. தாயின் கன்னத்து உட்பக்கம் தடவி எடுத்த ஒரு பஞ்சுத் துண்டு, பிள்ளையின் தொடையெலும்போடு பேசும். ஆர்ஜென்டீனாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். மேரி கிளையர் கிங் என்ற மரபணுவியலாளர் அவர்களோடு நின்றார். 1987இல் அந்த நாடு அதற்கென்று தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டத்தால் நிறுவியது. மன்னாரில் 2018இல் கிடைத்த எலும்புகளின் காலத்தை அறிய மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் தாய்மாரில் பலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இந்த வேலையைத் தெரிந்த, அந்தத் தாயின் மொழியில் அவளுக்கு அதை விளங்கப்படுத்தக்கூடிய பத்துப் பிள்ளைகள் வன்னியில் உருவானால் போதும். அதற்காக எந்தக் காப்பும் அடைவுக்குப் போகலாம் என்பேன்.

வவுனியாவையும் முல்லைத்தீவையும் தொட்டு நிற்கும், காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் இன்னொரு கேள்வி. கௌதாரிமுனைப் பக்கம் கடலட்டைப் பண்ணை 2021இல் பெரிய சர்ச்சையாகியது. கடலட்டை யாருடைய கையில் வளர்கிறது என்பது அந்தக் கடலில் யார் பிழைப்பது என்ற கேள்வியோடு ஒட்டியது என்பதை மீனவர்கள் அன்றே சொன்னார்கள்.

நெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அத்தானைப் பேச வைத்தது நெல்தான்.

விசாரிக்கப் போன இடத்தில் ஒரு விவசாய விரிவுரையாளர் கணினியில் ஒரு பட்டியலைக் காட்டினார். பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தின் விதை வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. இலங்கை நெல் என்று பதிந்தவற்றில் ஒரு பெயர், சின்னச் சிவப்பு. கபிலநிறத் தத்தி என்ற பூச்சியை எதிர்த்து நிற்கும் மரபணுக்களுக்காக உலகத்து ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கும் நெல் அது. இன்னொரு பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்து குர்கறுப்பன் என்று நிற்கிறது. கூர்க்கறுப்பனோ குறுங்கறுப்பனோ, தமிழ் வாயில் பிறந்த பெயர். அது பல நாள் வெள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடந்தாலும் சாகாத நெல். இதே குணம் கொண்ட ஒடிசா நெல் ஒன்றிலிருந்து அந்த மரபணுவை 2006இல் அடையாளம் கண்டு, வெள்ளம் தாங்கும் நெல்லினங்களை உருவாக்கிவிட்டார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சி வயல்கள் வெள்ளத்துக்குள் கிடந்தபோது, அப்படியொரு நெல் எங்கள் பெயரோடு கடலுக்கப்பால் இருக்கிறது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணம் போய், போர் முடிந்தபின் மீண்டு வந்த பீடம். பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பூநகரி வயல்களுக்குள் உவர் ஏறுகிறது. பூநகரி மொட்டைக்கறுப்பன் உவரை எப்படித் தாங்குகிறது என்பதை மரபணு மட்டத்தில் ஆராய்வது ஒரு முதுமாணி மாணவருக்கு அளவான வேலை. அதைச் செய்ய விடும் மேற்பார்வையாளர் தனியார் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அங்கே போகலாம், அரசில் இருந்தால் அரசுக்குப் போகலாம். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிற பிள்ளைக்கும், இடம் கிடைத்தபிறகு கேள்வி தேடுகிற பிள்ளைக்கும் இரண்டு வருட முடிவில் பெரிய வித்தியாசம் தெரியும் என்று அந்த விரிவுரையாளர் சொன்னார். நானும் நம்புகிறேன்.

இதையெல்லாம் சுமந்துகொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வட்டக்கச்சிக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஏஜென்சிக்கு இந்த மாதம் காசு கட்ட வேண்டாம் என்றேன். பேராதனைக்கும் கொழும்புக்கும் விண்ணப்பிக்கட்டும், ஆராய்ச்சி உதவியாளர் விளம்பரங்களைப் பார்க்கட்டும், அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைப் பற்றி நேரடியாக எழுதிக் கேட்கட்டும். ஆறு மாதம் கழித்து எழுத்தில் நல்ல பதில் அங்கிருந்து வந்தால் நானே வங்கிக்குக் கூட வருகிறேன் என்றேன். மருமகளின் முகம் முதலில் வாடியது. பிறகு கொப்பியை எடுத்து, என்னென்ன கேட்பது என்று எழுதத் தொடங்கினாள்.

சின்னச் சிவப்பின் கதையைச் சொன்னபோதுதான் அத்தான் படியிலிருந்து எழும்பி வந்தார்.

"தத்தி எண்டால் அறக்கொட்டியான்தானே? வட்டம் வட்டமா எரிஞ்ச மாதிரிக் காயுமே, அது?"

"ஓம் அப்பா, அதுதான்."

"போன காலபோகம் எங்களுக்கு அரை ஏக்கர் அப்பிடித்தான் போச்சுது." கொஞ்ச நேரம் நின்றார். "உந்தச் சின்னச் சிவப்பை எங்கட அப்பு விதைச்சிருப்பாரோ தெரியேல்லை. அந்த விதை திருப்பி எடுக்க ஏலுமே பிள்ளை?"

"ஆராய்ச்சிக்கு எண்டால் கொஞ்சம் குடுப்பினம் அப்பா. அதுக்கு முதல் கன்னொறுவை மரபணு வள நிலையத்தில இருக்குதோ எண்டு கேக்கோணும்."

"அப்ப கேள்" என்றார் அத்தான். அவள் கொப்பியில் பக்கத்தைப் புரட்டி, கன்னொறுவை என்று எழுதினாள். அக்கா பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.